புகை வேண்டாம் என்றால் டார்ச்சை உள்ளே விடுங்கள்

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். மாரண்டஅள்ளி பக்கம் எங்கள் ஊர். இரண்டு ஏக்கர் மல்பெரி, வீட்டை ஒட்டியே பட்டுப்புழு வளர்ப்பு மனை. போன மாதம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து தருமபுரிக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து டெங்கு என்று ரிசல்ட் வந்தது. அன்று சாயந்திரமே வீட்டு முன்னால் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள், ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் புகை அடிக்கிற மிஷினோடு வந்தார்கள். புழு நாலாவது தோலுரித்து எழுந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நான் கேட்டைச் சாத்திவிட்டேன். சுகாதார ஆய்வாளர் கோபமாக, நோட்டீஸ் கொடுப்போம், அபராதம் போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்கு முன்பும் வாரம் ஒரு முறை ஒரு பெண் டார்ச் லைட்டோடு வருவார். டிரம், தொட்டி எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார். மனைக்குள் வெளியாள் வரக்கூடாது என்று அவரையும் உள்ளே விட்டதில்லை. எனக்கு மூன்று சந்தேகம். புகை புழுவைக் கொல்லுமா? புகை இல்லாமல் வேறு வழி உண்டா? நோய் வந்த பிறகு கூட்டமாக வந்து நிற்பதைத் தவிர இந்தத் துறைக்காரர்கள் என்னதான் செய்கிறார்கள்?

பட்டு விவசாயி, பாலக்கோடு வட்டம்

பதில்:

புகை விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம்தான். டார்ச் விஷயத்தில் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வட்டார மருத்துவ அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் துறைக்காரர்கள் சார்பாகவும் பேசுவேன், அவர்களைக் குறையும் சொல்வேன்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. கொல்லும். புகையில் கலப்பது பைரித்திரம், மாலத்தியான் போன்ற பூச்சிக்கொல்லி. கொசுவுக்கு என்று தனியாக மருந்து கிடையாது, பட்டுப்புழுவும் பூச்சிதான். அதிலும் கொசுவைவிட மென்மையான உடம்பு. மனைக்குள் புகை நேராகப் போக வேண்டும் என்பதுகூட இல்லை. காற்றுவாக்கில் மல்பெரி இலைமேல் படிந்து, அந்த இலையைப் புழு தின்றாலும் போச்சு. நாலாவது தோலுரிப்புக்குப் பிறகுதான் புழு மொத்தத் தீனியில் பெரும்பங்கைத் தின்னும். அந்த நேரத்தில் பேட்ச் போனால் இலை, கூலி, முட்டைக்காசு எல்லாம் சேர்ந்து போகும். நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை. மிஷின் எடுத்து வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கம் வேலை செய்கிற ஆய்வாளருக்கு எந்தத் தெருவில் எத்தனை மனை இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, புகைக்கு வருவோம். அது நீங்கள் நினைக்கிற அளவு பெரிய ஆயுதம் இல்லை. அடிக்கிற நேரத்தில் பறந்துகொண்டிருக்கிற, அல்லது புகை படுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற கொசுதான் சாகும். கொசு முட்டைக்கு ஒன்றும் ஆகாது, தண்ணீருக்குள் இருக்கிற கொசுப்புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடைக் கொசு மாதிரி இல்லை. வீட்டுக்குள்ளே கட்டிலுக்கு அடியில், தொங்கவிட்ட சட்டைக்குப் பின்னால், பீரோ சந்தில் உட்கார்ந்திருக்கும். தெருவில் வண்டி புகை கக்கிக்கொண்டு போனால் அதற்குத் தும்மல்கூட வராது. நோயாளி இருக்கிற வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் வைரஸ் ஏறிய கொசுவை அவசரமாகக் குறைக்க மட்டும் புகைக்கு ஒரு வேலை உண்டு. வாரம் பத்து நாளில் திரும்ப அடித்தால்தான் அதற்கும் அர்த்தம். ஆனால் தெருவே வெள்ளையாகிப் போனால் ஏதோ பெரிய வேலை நடந்த மாதிரி எல்லோருக்கும் திருப்தி. ஊர்க்காரர்கள் கேட்பதும் அதைத்தான், வார்டு மெம்பர் கேட்பதும் அதைத்தான். ஒரு பெண் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

அவர் டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர், தினக்கூலி. கையில் டார்ச், ஒரு கரண்டி அல்லது டீ வடிகட்டி, தண்ணீரில் கொசுப்புழுவைக் கொல்கிற அபேட் மருந்து, ஒரு நோட்டு. தொட்டியில் டார்ச் அடித்ததும் கொசுப்புழுவெல்லாம் சட்டென்று அடியில் போய்விடும், வெளிச்சம் அதற்கு ஆகாது. பழக்கமில்லாதவர் ஒன்றும் இல்லை என்று போய்விடுவார். பழகியவர் டார்ச்சை அணைக்காமல் அப்படியே நிற்பார். கொஞ்ச நேரத்தில் மூச்சுவிட ஒவ்வொன்றாக மேலே வரும், வால் நுனி தண்ணீர் மட்டத்தில், தலை கீழே சாய்ந்து தொங்கும். மலேரியா கொசுவின் புழு என்றால் தொங்காது, தண்ணீர் மட்டத்தோடு படுத்த மாதிரி கிடக்கும். எந்தக் கொசு என்று அதை வைத்தே சொல்லிவிடுவார். பிறகு நோட்டில் எழுதுவார்: எத்தனை வீடு பார்த்தேன், எத்தனை வீட்டில் புழு இருந்தது, எத்தனை பாத்திரத்தில் இருந்தது. நூறு வீட்டுக்கு எத்தனை வீட்டில், எத்தனை பாத்திரத்தில் புழு என்று கணக்குப் போட்டு வட்டாரத்துக்கு அனுப்புவார்கள். காய்ச்சல் ஒன்றுகூட வராத வாரத்தில் அந்த எண் ஏறினால், அடுத்து எந்த ஊர் என்று எங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். சுவரில் எழுதுகிற தேதி மேற்பார்வையாளர் வந்து சரிபார்ப்பதற்காக.

ஏன் வாரம் ஒரு முறை? ஏடிஸ் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். உங்களுக்குக் கூட்டுப்புழு என்றால் விளக்க வேண்டியதில்லை. அந்த நாள் முடிவதற்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஒரு தலைமுறை முடிந்தது. ஆனால் வெறுமனே கொட்டினால் போதாது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் போடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். அது காய்ந்து மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், திரும்பத் தண்ணீர் ஏறினால் பொரிந்துவிடும். தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவச் சொல்வது அதனால்தான்.

இப்போது உங்கள் மனைக்குள் வருகிறேன், நீங்கள் விடாவிட்டாலும். புழுத் தட்டு வைக்கிற ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பீர்கள். ஒரு ஸ்டாண்டுக்கு நாலு கால், நாலு கிண்ணம். மனை முழுக்க எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நிழல், அசையாத சுத்தமான தண்ணீர், வெக்கை இல்லாத ஈரக்காற்று, பக்கத்திலேயே மனிதர்கள். ஏடிஸுக்கு இதைவிடச் சொகுசான இடம் கிடைக்காது. பட்டு வளர்க்கிற ஊர்களில் வீட்டுத் தொட்டியெல்லாம் சுத்தமாக இருக்கும், காய்ச்சல் மட்டும் நிற்காது. போய்ப் பார்த்தால் இந்தக் கிண்ணங்களில் கொசுப்புழு நெளியும். நீங்கள் டார்ச்சை உள்ளே விடாததால் உங்கள் வீட்டில் யாரும் பார்க்காமல் விட்ட இடம் இதுதான். மகளுக்கு டெங்கு அங்கிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்திலும் கொசு கடித்திருக்கலாம். ஆனால் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

பார்த்துவிட்டு என்ன செய்வது? வாரம் ஒரு நாள், சந்தை நாளோ என்னவோ மறக்காத ஒரு நாளில், எல்லாக் கிண்ணத்தையும் வெளியே கொண்டுவந்து கொட்டி, உள்சுவரைத் தேய்த்துத் துடைத்து, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். அது முடியாத வாரம் சமையல் எண்ணெய் சில சொட்டு விட்டு மேலே ஆடை படிய வையுங்கள், கொசுப்புழு மூச்சுவிட முடியாது, எறும்பும் ஏறாது. மண்ணெண்ணெய் வேண்டாம், அந்த வாடை பட்டுப்புழுவுக்கு ஆகாது. தண்ணீருக்குப் பதில் ஸ்டாண்டுக் காலில் கிரீஸ் தடவுகிறவர்களும் உண்டு, அதுவும் சரிதான். சாக்கு நனைக்கிற டிரம்மை வேட்டித் துணி போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பலகையால் மூடுவது மூடியாகாது, கொசுவுக்கு ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி போதும். அபேட் ஊற்றிய தொட்டித் தண்ணீரை மனைக்குள் எடுத்துப் போகாதீர்கள், இலைமேலும் தெளிக்காதீர்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்கிற அளவில் அது மனிதருக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் பட்டுப்புழு விஷயத்தில் அந்தச் சோதனையை உங்கள் செலவில் செய்ய வேண்டாம்.

வெளியாள் உள்ளே வந்தால் புழுவுக்கு நோய் ஒட்டும் என்கிறீர்கள். அது உண்மை, அதற்கு வழியும் உங்களிடமே இருக்கிறது. பட்டு வளர்ச்சித் துறைக்காரர் வந்தால் என்ன செய்வீர்கள்? வாசலில் காலைக் கழுவச் சொல்லி, கையைக் கழுவச் சொல்லி விடுவீர்கள். இவருக்கும் அதையே சொல்லுங்கள். அல்லது அவர் வருகிற கிழமையில் நீங்களே கிண்ணங்களைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், அங்கேயே பார்த்துவிட்டுப் போகட்டும்.

உண்மையில், தொற்றுநோய்த் தடுப்பு என்ன என்று பட்டு விவசாயிக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு பேட்ச்சுக்கு முன்னாலும் மனையைக் கழுவி, சுண்ணாம்புத் தண்ணீரில் இரண்டு சதவீதம் பிளீச்சிங் பவுடர் கலந்து தெளிக்கிறீர்கள். பால் புழு நோய் வந்த புழுவை, சுண்ணக்கட்டு பிடித்த புழுவைப் பார்த்ததும் பொறுக்கி எடுத்துப் புதைக்கிறீர்கள். தோலுரிக்கிற நேரத்தில் சுண்ணாம்புத் தூள் தூவுகிறீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நோயற்ற முட்டை வாங்குகிறீர்கள். அந்த முட்டை எப்படி நோயற்றது என்று தெரியும்? முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பெப்ரின் என்கிற பட்டுப்புழு நோயின் கிருமி இருந்தால் அந்த முட்டைத் தொகுதியையே எரித்துவிடுவார்கள். இது லூயி பாஸ்டர் கொண்டுவந்த முறை. 1865-இல் தெற்கு பிரான்சில் பட்டுப்புழு கும்பல் கும்பலாகச் செத்தபோது அவரை அனுப்பினார்கள், ஐந்து வருடம் அதிலேயே கிடந்தார். வந்த நோய்க்கு மருந்து தேடாமல் நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினார். சுகாதாரத் துறை ஊருக்குச் செய்வதும் இதே வேலைதான், ஊரில் மட்டும் நோய் வந்தவரைப் பொறுக்கி எறிய முடியாது. அவரைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டே அவரைச் சுற்றி வேலி கட்ட வேண்டும்.

அந்த வேலியைத்தான் உங்கள் வீட்டு முன்னால் பார்த்தீர்கள். மகளின் ரத்தம் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனது எலிசா பரிசோதனைக்காக. அது ஒவ்வொரு ரத்தமாகச் செய்கிற சோதனை இல்லை. சின்னச் சின்னக் குழி உள்ள தட்டில் பல மாதிரிகளைச் சேர்த்து ஒரே ஓட்டமாக ஓட்டுவார்கள், நாள் ஆவதற்கு அதுவே பாதிக் காரணம். காய்ச்சல் வந்த முதல் ஐந்து நாளுக்குள் என்றால் வைரஸின் பொருளையே தேடுகிற என்.எஸ்.1 சோதனை, அதற்குப் பிறகு என்றால் உடம்பு உண்டாக்கிய ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேடுகிற சோதனை. காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். கூச்சப்பட்டோ மறந்தோ தேதியை மாற்றிச் சொன்னால் சோதனையே தப்பாகிவிடும்.

ரிசல்ட் வந்ததும் பெயர், வயது, முகவரி, காய்ச்சல் தொடங்கிய தேதி எல்லாம் ஒரு பட்டியலாக மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து உங்கள் வட்டாரத்துக்கு வரும். வந்த அன்றே ஆய்வாளர் இறங்க வேண்டும். ஏன் இவ்வளவு அவசரம் என்று கணக்குப் பாருங்கள். காய்ச்சல் தொடங்க ஓரிரு நாள் முன்பிருந்து, காய்ச்சல் விட்டு இரண்டு நாள் வரைக்கும் கடிக்கிற கொசுவுக்கு வைரஸ் ஏறலாம். ஏறிய கொசு உடனே பரப்பாது. அதன் உடம்புக்குள் வைரஸ் பெருகி எச்சிலுக்கு வர எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். பிறகு அது இன்னொருவரைக் கடித்தால் அவருக்குக் காய்ச்சல் வர நாலிலிருந்து பத்து நாள். அதாவது உங்கள் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம் இருக்கிறது. துறைக்குக் கிடைக்கிற அவகாசம் அவ்வளவுதான். அதில் மூன்று நாள் ஆய்வகத்திலேயே போய்விட்டது, காய்ச்சல் வந்து நீங்கள் எத்தனை நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனீர்களோ அதுவும் போச்சு.

அந்த ஏழெட்டுப் பேரில் சுகாதார ஆய்வாளர் இருந்திருப்பார். மகள் கடந்த இரண்டு வாரம் எங்கெல்லாம் போனாள் என்று கேட்டவர் அவர்தான். பெங்களூருக்கோ ஓசூருக்கோ போய்வந்திருந்தால் நோய் அங்கிருந்து வந்திருக்கலாம், போகாவிட்டால் உள்ளூரிலேயே கொசு இருக்கிறது என்று அர்த்தம், இரண்டுக்கும் செய்கிற வேலை வேறு. கிராம சுகாதார செவிலியர் அக்கம்பக்கத்தில் வேறு யாருக்காவது காய்ச்சல், கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வந்திருப்பார். கொசுப் பணியாளர்கள் சுற்றிலும் உள்ள ஒவ்வொரு வீட்டையும் அலச. ஊராட்சி செயலரும் தண்ணீர் தொட்டி ஆபரேட்டரும் குப்பைக்கும் குளோரினுக்கும். காய்ச்சல் உள்ளவர் அதிகம் இருந்தால் அடுத்த நாள் ஒரு முகாம். கூட்டத்துக்குக் காரணம் இதுதான்.

ஆனால் ஊருக்கே தெரிந்துவிட்டது என்கிறீர்களே, அந்த வருத்தம் நியாயம். சுற்றியுள்ள வீடுகளில் ‘இந்தத் தெருவில் ஒருவருக்கு டெங்கு’ என்று சொன்னால் போதும், யாருக்கு என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வாசலில் நின்று பேரைச் சத்தமாக வாசித்தார்கள் என்றால் அது தப்பு. வட்டார மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். இப்படி ஒரு முறை அவமானப்பட்ட வீட்டுக்காரர் அடுத்த முறை காய்ச்சலை மறைப்பார், அது எல்லோருக்கும் நஷ்டம்.

நோய் வந்த பிறகுதான் வருகிறார்கள் என்று நீங்கள் எழுதியதற்கு என் பதில்: வராத நோய்க்கு அவர்கள் செய்வது கண்ணில் படாது. தமிழ்நாட்டில் மருத்துவமனைகளுக்கு ஒரு இயக்குநரகம், மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒன்று, நோய் வராமல் தடுக்க என்று தனியாகப் பொது சுகாதாரத் துறைக்கு ஒன்று. சட்டமும் பழையது, 1939-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் போட்ட பொது சுகாதாரச் சட்டம். அப்போது நாமெல்லாம் சேலம் மாவட்டம். உங்கள் ஆய்வாளர் சொன்ன நோட்டீஸுக்கு அடிப்படை அதுதான். வீட்டுக்குள் வந்து பார்க்கவும், கொசு உற்பத்தியாகிற இடத்தைச் சரிசெய்யச் சொல்லவும் அது அதிகாரம் தருகிறது. முதல் பேச்சிலேயே அபராதம் என்பது மட்டும் கெட்டிக்காரத்தனம் இல்லை. கேட்டைத் திறக்க வைப்பது நோட்டீஸ் இல்லை, பழக்கம்.

தண்ணீர்ப் பக்கம் ஒரு வார்த்தை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு, ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரைக் குடிக்க வேண்டிய கஷ்டம் குறைந்தது. ஆனால் முறை வைத்து வருகிற தண்ணீர் என்பதால் வீட்டுக்கு வீடு டிரம்மும் சிமெண்ட் தொட்டியும். மழை இல்லாத மாசத்திலும் இங்கே ஏடிஸ் வாழ்வதற்கு அதுவே காரணம். தண்ணீரைச் சேமிக்காதீர்கள் என்று யாராவது சொன்னால் அவருக்கு நம் மாவட்டம் தெரியாது. மூடிச் சேமியுங்கள், வாரம் ஒரு முறை தேயுங்கள், அவ்வளவுதான் கேட்க முடியும்.

அந்தத் தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு வந்தபின் அங்கே திரும்பக் குளோரின் போட வேண்டும். புது பிளீச்சிங் பவுடர் என்றால் 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம், கரைத்துத் தெளியவைத்து ஊற்றி, அரை மணி நேரமாவது கழித்துத்தான் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும், வயிற்றுப்போக்கு பரவுகிற நேரத்தில் 0.5. ஆய்வாளர் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து சொட்டுவிட்டு, மஞ்சள் நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார். பெரும்பாலும் தவறு நடப்பது ஆபரேட்டரின் சோம்பலால் இல்லை, மூட்டையால். திறந்து ஈரத்தில் கிடந்த பவுடரில் குளோரின் பறந்து போயிருக்கும், வாசனைகூட இருக்காது. மனைக்கு வாங்கிய பழைய மூட்டையை நம்பி நீங்கள் ஒரு பேட்ச்சை இழந்திருப்பீர்கள் அல்லது இழந்தவரைத் தெரிந்திருக்கும். ஊர் தொட்டியிலும் அதே கதைதான்.

தடுப்பூசி பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, இங்கே அது நன்றாகவே நடக்கிறது. புதன்கிழமை என்றால் செவிலியர் பையோடு வருவார் என்பது குழந்தைகளுக்கே தெரியும். விட்டுப்போவது பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ப் பொங்கலுக்குத் திரும்புகிற குடும்பத்துக் குழந்தைகள், ஓசூர் கம்பெனிகளைச் சுற்றித் தகரக் கொட்டகையில் இருக்கிற வடமாநிலத்தார் குழந்தைகள், சித்தேரி, வத்தல்மலை மாதிரி மேலே இருக்கிற ஊர்கள். தட்டம்மை ஒரு ஊரில் தலைகாட்டினால் முதலில் தேடுவது இந்த வீடுகளைத்தான். இந்தியாவில் கடைசி போலியோ 2011 ஜனவரியில். இன்றைக்கும் 15 வயதுக்குள் ஒரு பிள்ளைக்குத் திடீரென்று கை கால் துவண்டால் மலம் இரண்டு முறை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். இல்லை என்று தெரிந்த நோயைத் தேடிக்கொண்டே இருப்பதும் இந்தத் துறையின் வேலை.

காய்ச்சலும் அப்படியே. எல்லாக் காய்ச்சலும் டெங்கு இல்லை. மல்பெரித் தோட்டத்துப் புதரில் வேலை செய்கிறவருக்கு ஒரு சின்ன உண்ணிப்பூச்சி கடித்து உண்ணிக் காய்ச்சல் வரலாம். அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கும், அதைப் பார்க்காவிட்டால் டாக்டரும் ஏமாந்துபோவார். பார்த்துவிட்டால் விலை குறைந்த டாக்ஸிசைக்ளினில் சரியாகிவிடும்.

இனி குறை. ஊரில் காய்ச்சல் வந்தால் பாதிப்பேர் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார்கள், அல்லது ஊசி போடுகிற தனியாரிடம். அந்தக் காய்ச்சல் எந்தக் கணக்கிலும் வராது. 2004-இல் நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது. செவிலியர் சந்தேகப்பட்டது, டாக்டர் அடையாளம் கண்டது, ஆய்வகம் உறுதி செய்தது என்று மூன்று படிவம், இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், அதில் போடுகிற தகவல் வந்தால்தானே? டெங்கு என்று தெரிந்தால் தனியார் மருத்துவமனையும் சொல்ல வேண்டும். சிலர் உடனே சொல்கிறார்கள், சிலர் நோயாளி வீட்டுக்குப் போன பிறகு. இன்னொன்று, வாரம் நூற்றுக்கணக்கான வீட்டு வாசல் ஏறி இறங்குகிற அந்தப் பெண்ணை நாம் தினக்கூலியாகவே வைத்திருக்கிறோம். நாலு வீட்டில் விரட்டினால் ஐந்தாவது வீட்டில் எட்டிப் பார்க்காமலே தேதி எழுதிவிட்டுப் போகத் தோன்றும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, ஆனால் அந்தத் தேதியை நம்பித்தான் மேலே கணக்குப் போடுகிறார்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. நேராகப் போய் ஆய்வாளரைப் பாருங்கள், போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். இளம்புழு வருகிற தேதியும் கூடு கட்டுகிற தேதியும் அவரிடம் சொல்லிவையுங்கள். புழு இருக்கிற நாட்களில் உங்கள் மனையைச் சுற்றிப் புகை வேண்டாம், அதற்குப் பதில் மனை உட்பட எல்லா இடத்தையும் வாரம் தவறாமல் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் வேண்டியது கொசுப்புழு இல்லாத தொட்டிதான். பக்கத்தில் மறுபடி டெங்கு வந்து புகை அடித்தே ஆக வேண்டும் என்றால், கூடு அறுத்து அடுத்த பேட்ச் வருவதற்கு முன் உள்ள இடைவெளியில் வீட்டுக்குள் அடித்துக்கொள்ளலாம். பிறகு மனையை வழக்கம்போலக் கழுவிக் கிருமிநீக்கம் செய்துவிடுங்கள். தெருவில் அடித்தால் முன்கூட்டியே ஜன்னலை அடைத்து, அந்தப் பக்கத்து வரிசை இலையைப் பறிக்காதீர்கள். எத்தனை நாளைக்கு என்று பட்டு வளர்ச்சித் துறை ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வாளர் பேச்சைக் கேட்கவே தயாராக இல்லை என்றால் வட்டார மருத்துவ அலுவலர், அவருக்கும் மேலே மாவட்ட சுகாதார அலுவலர். பொதுவான சந்தேகத்துக்கு 104 என்கிற மருத்துவ உதவி எண் இருக்கிறது.

மகள் விஷயம். டெங்கு வைரஸ் நாலு வகை. ஒன்று வந்துபோனால் அந்த வகை பெரும்பாலும் திரும்ப வராது, மற்ற மூன்றும் வரலாம். இரண்டாவது முறை வேறு வகை வந்தால் கடுமையாகிற வாய்ப்பு முதல் முறையைவிட அதிகம். அதனால் ரிசல்ட் தாளைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். அடுத்து எப்போது காய்ச்சல் வந்தாலும், ஏற்கெனவே டெங்கு வந்திருக்கிறது என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை, வலி ஊசி எதுவும் கடையில் வாங்கிப் போட வேண்டாம், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று பள்ளிக்கூடம் அனுப்பிவிடாதீர்கள், டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கிய அந்த ஒன்றிரண்டு நாளில்தான். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, இதில் எது தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு தருமபுரிக்கே போய்விடுங்கள். காய்ச்சல் இருக்கிற வரை பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், ஏடிஸ் கடிப்பது பகலில்.